காப்பிக் களத்துல ஒரு ஃபால்-இன்

அடுத்தவங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு நானாப் போய் ஒருத்தருக்குப் பத்திரிகை வெச்சுட்டு வந்த மாதிரி ஒரு காரியத்தை, ஐம்பது தாண்டுன வயசுல, நல்ல நெனப்போட, பட்டப்பகல்ல செஞ்சவனுங்க நான். குடிச்சிருந்தாக் கூட ஒரு சாக்கு கெடச்சிருக்கும். அன்னிக்கு என் கையில இருந்தது சுக்குக் காப்பி.

அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி என் வேலை என்னன்னு சொல்லிடறேன். நம்ம மலைப் பசங்க, புள்ளைங்க நெறயப் பேரு, "சூசை அண்ணே, நீங்க ஆபீசர் அகாடமியில இருந்தவராமே, அதைப் பத்தி எழுதுங்க"ன்னு கேக்கறாங்க. இருந்தேன், நெசந்தான். ஆபீசரா இல்லீங்க. ஆபீசராகப் போறவங்களைப் பாத்துக் கத்தற வேலை. அதுக்குப் பேரு உஸ்தாத்.

கத்தறதுக்குச் சம்பளம்

சென்னையில இருக்கற அகாடமி அது. சீனாக்காரன் சண்டை வந்தப்ப பட்டாளத்துக்கு ஆபீசர் பத்தலை, அதனால அவசர அவசரமா ஆரம்பிச்ச எடம்னு அங்க இருந்த பழைய ஆளுங்க சொல்லுவாங்க. விசேஷத்துக்குன்னு போட்ட பந்தல், விசேஷம் முடிஞ்சும் பிரிக்காம நின்னு, அப்புறம் மேல ஓடு போட்டு ஊடாவே ஆயிட்ட மாதிரி, சண்டை முடிஞ்சும் அது நின்னுருச்சு. பின்னால பொண்ணுங்களும் வந்தாங்க. காலேஜ் முடிச்சுட்டுத் தலைமுடியும் தானுமா வர்றவங்களை, ஒரு வருஷத்துக்குள்ள தோள்ல நட்சத்திரம் குத்தி அனுப்பிடுவோம். நெறயப் பேரு அஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டுட்டு வெளிய வந்து கம்பெனி வேலைக்குப் போயிருவாங்க. சர்வீஸ் அஞ்சு வருஷம், அதைப் பத்திப் பேச்சு ஆயுசு பூரா.

அங்க ஒரு வேடிக்கை இருக்குது. நான் ஹவில்தார். எதுக்க நிக்கறவரு இன்னிக்கு கேடட், நாளைக்கு எனக்கு ஆபீசர். அதனால 'சாப்', அதாவது ஐயான்னு, மரியாதை கொறையாமத் திட்டோணும். "சாப், முழங்காலை ஊட்டுலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா சாப்? அந்த வேப்பமரம் உங்களைப் பாக்கோணுமாம் சாப், ஓடிப் போய்த் தொட்டுட்டு வாங்க." ஹிந்தியில ஆரம்பிக்கும், கோவம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துரும். மத்த ஊரு உஸ்தாதுங்களுக்கு இந்த மரியாதைத் திட்டு கஷ்டம். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க. அடிக்கக் கை ஓங்கறப்பவும் "ஏனுங்க, கொஞ்சம் இப்பிடித் திரும்புங்க"ன்னு சொல்ற சேலத்துச் சீமைக்காரன் நான்.

பக்கத்துலயே ஏர்போர்ட்டு. பிளேன் எறங்கறப்ப என் கமாண்டு எனக்கே கேக்காது. நான் வாயை மட்டும் அசைப்பேன், அவங்க அதைப் பாத்தே திரும்புவாங்க. ஒருநாள் கொட்டாவி விட்டேன். பாதிப் பேரு திரும்பிட்டாங்க.

இன்னொரு வழக்கம் உண்டு. ஒருத்தர் தப்புப் பண்ணுனா, மொத்த பிளட்டூனுக்கும் தண்டனை. ஒருத்தர் லேட்டா வந்தா எல்லாரும் ஓடோணும், ஒருத்தர் கையை மாத்தி வீசுனா எல்லாரும் ஃப்ரண்ட் ரோல், அதாவது மொட்டை வெயில்ல தரையில குட்டிக்கரணம். தப்புப் பண்ணுனவரைத் திட்டிக்கிட்டே உருளுவாங்க. சாயங்காலம் அவருக்கு ஷூ பாலிஷ் பண்ணிக் குடுக்கறதும் அதே ஆளுங்கதான். இது நியாயமான்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. நான் கத்தறவன், நியாயம் பாக்கறவங்க வேற.

ஒம்பதாவது ஆளு

பென்ஷன் வாங்கிட்டுச் சேலத்துக்கு மேல இருக்கற எங்க மலைக்கே வந்துட்டேன். தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல கெஸ்ட் ஹவுஸ் இருக்குது, அதுக்கு நான் மேனேஜர். பேருதான் மேனேஜர். பல்பு மாத்தறது, தண்ணி மோட்டார் போடறது, கொரங்கு முடுக்கறது எல்லாம் நான்தான். சமையக்கட்டு என் சம்சாரம் ஸ்டெல்லா. அதனால உண்மையான மேனேஜர் யாருன்னு சொல்லத் தேவையில்ல.

ஒருநாள் கர்னல் ரவி போன் பண்ணுனாரு. திருச்சிக்காரரு, நான் உஸ்தாதா இருந்தப்ப என்கிட்ட உருண்டவரு. இப்பவும் சர்வீஸ்ல இருக்கறாரு.

"உஸ்தாத், எங்க கோர்ஸ் பாஸ் அவுட் ஆகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. எல்லாரும் குடும்பத்தோட ஒரு எடத்துல கூடப் போறோம். எங்க தெரியுமா? உங்க மலையில. உங்க கெஸ்ட் ஹவுஸ்ல."

நான் திட்டுன திட்டுக்கு அவங்க என்னைத் தேடி வரக் கூடாதுதானே. வர்றாங்க.

"டில்லிப் பக்கம் இருக்கறவனை எல்லாம் நான் பாத்துக்கறேன். தமிழ்நாட்டுல ஒரு எட்டுப் பேரு இருக்கான். ரூம் விஷயம் நீங்களே அவங்ககிட்டப் பேசிடுங்க."

பேசுனேன். எட்டுப் பேரு ஆச்சு. எனக்கு ஒம்பது பேரு ஞாபகம். உஸ்தாதுக்கு மூஞ்சி மறந்துரும், நடை மறக்காது. தனபால்னு ஒருத்தரு, நாமக்கல்காரரு. மார்ச் பண்ணுனா வலது கையும் வலது காலும் ஒண்ணாப் போகும். அவரை நேராக்கப் பாத்துப் பாத்தே எனக்குப் பாதி முடி கொட்டிருச்சு. அவரை எப்பிடி விட்டாங்க? கர்னலுக்கு வேலை ஜாஸ்தி, மறந்துட்டாரு போலன்னு நானே நெனச்சுக்கிட்டு, சுக்குக் காப்பியைக் கீழ வெச்சுட்டு, என் போன்லயே இருந்த அவரு நம்பருக்குப் போட்டேன்.

"சார், உஸ்தாத் சூசை பேசறேன். உங்க கோர்ஸ் எல்லாம் இங்க கூடறாங்க. ஊட்டுக்கார அம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்க."

"என்னைக் கூப்பிடச் சொன்னாங்களா உஸ்தாத்?"

"பின்னே? நீங்க இல்லாம என்னங்க கோர்ஸு?"

என் வாயி இருக்குதே.

போட்டோவுல இல்லாதவரு

முதல்ல வந்தவரு பிரிகேடியர் குல்தீப். பஞ்சாப்காரரு. தமிழ்ல அவருக்கு மூணே வார்த்தை தெரியும்: ஓடுங்க, சோம்பேறி, சாப்பாடு. மூணும் நான் கத்துக் குடுத்தது. எறங்குனதும் என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்துனாரு. எனக்கு முதுகு புடிச்சுக்குச்சு, அவருக்கு முழங்கால் புடிச்சுக்குச்சு. அப்பிடியே ஒவ்வொரு காரா வந்துக்கிட்டே இருந்துது.

மலைப்பாதையில ஒரு லாரி குறுக்க நின்னுருச்சுன்னு தனபால் சார் குப்பனூர் வழியா சுத்திக்கிட்டுச் சாயங்காலம்தான் வந்து சேந்தாரு. இப்ப நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கறாரு. புது பிளேசர் போட்டிருந்தாரு. தையல்காரன் தெச்ச மடிப்பு அப்பிடியே நிக்குது. அவரு சம்சாரம் பிரேமா அம்மா கார்ல இருந்து எறங்கும்போதே சொன்னாங்க:

"நீங்க போன் பண்ணுன அன்னிக்கே டெய்லர்கிட்டப் போயிட்டாருங்கண்ணா. எங்க கலியாணத்துக்குக் கூட இவரு இப்பிடித் தெச்சுக்கலைங்க."

கர்னல் ரவி வராந்தாவுல இருந்து பாத்தாரு. கை குடுத்தாரு, சிரிச்சாரு, ரூமைக் காட்டச் சொன்னாரு. அப்புறம் என்னை ஜெனரேட்டர் ரூம் பக்கமாக் கூட்டிட்டுப் போனாரு.

"தனபாலை யாரு உஸ்தாத் கூப்பிட்டது?"

"நான்தான் சார். விட்டுப் போயிருச்சு போலன்னு..."

"விட்டுப் போகலை. அவன் எங்க கோர்ஸ் இல்ல."

அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. தனபால் சார் எல்லாப் பரீட்சையும் முடிச்சுட்டாரு. பாஸ் அவுட் பரேடுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. மெஸ் படிக்கட்டுல, கையில கஸ்டர்டுக் கிண்ணத்தோட வழுக்கி விழுந்து கணுக்கால் ஒடஞ்சு போச்சு. கஸ்டர்டு ஒரு சொட்டுக் கூடச் சிந்தலைன்னு பாத்தவங்க சொன்னாங்க. ஆனா அவரை ரெலிகேட் பண்ணிட்டாங்க. அப்பிடின்னா, கால் ஆறுனதும் அடுத்த கோர்ஸோட சேந்து வெளிய போகோணும். அங்க கணக்கு ஒண்ணே ஒண்ணு: யாரோட உள்ள வந்தீங்கங்கறது இல்ல, யாரோட வெளிய போனீங்களோ அதுதான் உங்க கோர்ஸ். அந்த அடுத்த கோர்ஸ் பசங்களை இவரு சீனியரா நின்னு வேலை வாங்கியிருந்தாரு. அவங்க மட்டும் தோள்ல கை போட்டுக் கூப்பிடுவாங்களா? இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாமப் போயிட்டாரு.

"அது நான் போட்ட சட்டம் இல்ல உஸ்தாத்," கர்னல் குரலு எறங்கிப் போச்சு. "ஹால்ல பழைய போட்டோ வெச்சிருக்கோம், பாத்தீங்கல்ல? பாஸ் அவுட் அன்னிக்கு எடுத்தது. நாளைக்குக் காலையில அதே வரிசையில, அவனவன் நின்ன அதே எடத்துல நின்னு மறுபடி எடுக்கப் போறோம். ரெண்டு பேரு இப்ப உயிரோட இல்ல. அந்த ரெண்டு எடத்தையும் காலியா விடப் போறோம். தனபாலை நான் எங்க நிறுத்தறது?"

செத்தவங்களுக்கு எடம் இருக்குது. மலை ஏறி வந்தவருக்கு எடமில்ல.

"நீங்கதானே கூப்பிட்டீங்க. மனசு நோகாம நீங்களே சொல்லிருங்க."

சமையக்கட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா எல்லாத்தையும் கேட்டுட்டுக் கரண்டியைக் கீழ வெச்சா.

"திருப்பி அனுப்பறதுக்கு அவரென்ன பார்சலுங்களா?"

"இரு, யோசிக்கறேன்."

"அது மட்டும் வேண்டாமுங்க. யோசிச்சுத்தானே போன் பண்ணுனீங்க."

யோசிச்சேன். எனக்கு வந்த யோசனை இதுதான்: போட்டோ எடுக்கற வேலையை அவருக்கே குடுத்துட்டா என்ன? எடுக்கறவரு எப்பிடி போட்டோவுல நிப்பாரு? யாருக்கும் தெரியாது. இப்பிடி ஒரு மட்டமான யோசனைக்கு நான் சந்தோஷப்பட்டேங்கறதையும் எழுதிடறேன்.

தனபால் சார் மொளகுக் கொடி ஏறுன சில்வர் ஓக் மரத்துக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு.

"சார், நாளைக்கு போட்டோவுக்கு ஒரு நல்ல ஆளு வேணும். உங்களுக்குக் கை நடுங்காதுன்னு..."

அவரு சிரிச்சுட்டாரு. "உஸ்தாத், உங்களுக்குத் திட்ட வரும், பொய் வராதுங்க. ஹால்ல அந்தப் படத்தைப் பாத்தேன். அதை எடுத்த அன்னிக்கு நான் கேமராக்காரருக்குப் பின்னாடி ஊன்றுகோலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனுங்க. அவரு எல்லாரையும் சிரிக்கச் சொன்னாரு. நானும் சிரிச்சேன்."

அவரே பேச்சை மாத்துனாரு.

"நாளைக்கும் நானே எடுத்துடறேனுங்க, அதுக்கென்ன. பிரேமாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ரவி சார்தான் உங்ககிட்டச் சொல்லி என்னைத் தேடிக் கூப்பிட்டாருன்னு அவ பக்கத்து ஊட்டுக்கெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கறா."

களம்

எங்க எஸ்டேட்ல காப்பி காயப் போடற சிமெண்டுக் களம் ஒண்ணு இருக்குது. நல்லா அகலம். பாதிக் களத்துல காப்பிப் பழம் காஞ்சுக்கிட்டிருந்துது. மீதிப் பாதிதான் எங்களுக்கு. போட்டோவுக்கு முன்னாடி உஸ்தாத் ஒரு அஞ்சு நிமிஷம் ட்ரில் எடுக்கோணும்னு அவங்களே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாங்க. எல்லாரும் பிளேசர்ல வந்தாங்க. சம்சாரங்க, கொழந்தைங்க எல்லாம் சுத்தி நாற்காலியில. தனபால் சார் கேமராவோட ஓரமா நின்னாரு. பிரேமா அம்மா அவரைப் பாத்தாங்க, வரிசையைப் பாத்தாங்க, மறுபடி அவரைப் பாத்தாங்க.

அவங்க அந்த மாதிரிப் பாத்ததுதான். நான் வேற எதையும் யோசிக்கலை.

களத்துல ஒரு சட்டம் உண்டு. ட்ரில் ஆரம்பிச்சுட்டா பிரிகேடியரோ கர்னலோ, உஸ்தாத் சொல்றதுதான். நான் ஃபால்-இன், அதாவது வரிசையில நில்லுன்னு கமாண்டு குடுத்து, உசரவாரியா நிக்கச் சொன்னேன். நெட்டை வலது பக்கம், குட்டை எடது பக்கம். இதுல சீனியர் ஜூனியர் கெடையாது, கோர்ஸ் கெடையாது. உசரம் இருக்கற எல்லாருக்கும் ஒரு எடம் உண்டு.

"கேமரா வெச்சிருக்கற சாப், நீங்க லேட்டு. ஓடி வாங்க."

தனபால் சார் அசையலை. கர்னல் மூஞ்சியைப் பாத்தாரு.

"அங்க என்ன பார்வை சாப்? இங்க நான்தான் உஸ்தாத்."

கேமராவை ஸ்டெல்லா கையில குடுத்துட்டு ஓடி வந்தாரு. ஒரு காலு லேசாச் சாய்ஞ்சுது. குல்தீப் சாருக்குப் பக்கத்துல, அவரு உசரத்துக்கு உண்டான எடத்துல நின்னாரு. வரிசை வெறச்சுப் போச்சு, எனக்குத் தெரிஞ்சுது.

மார்ச் பண்ண விட்டேன். தனபால் சார் நடந்தாரு பாருங்க, அவ்வளவு சுத்தம். கையும் காலும் மாறி மாறி, அளவு புடிச்ச மாதிரி. பட்டாளத்துல இருந்த அஞ்சு வருஷத்துல வேற எந்த உஸ்தாதோ நேராக்கிட்டாரு போல. நிறுத்துனேன்.

"தனபால் சாப், இன்னமும் வலது கையும் வலது காலும் ஒண்ணாத்தான் போகுது."

அது பச்சைப் பொய்யின்னு அந்தக் களத்துல நின்ன அத்தனை பேருக்கும் தெரியும்.

"ஒருத்தர் தப்பு. எல்லாரும் ஃப்ரண்ட் ரோல்."

ஒருத்தரும் அசையலைங்க. அவங்க உருண்டா, அவரு தப்பு அவங்க தப்புன்னு ஆயிரும். அவரு அவங்க ஆளுன்னு ஆயிரும். அது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "போதும் உஸ்தாத், போட்டோ எடுக்கலாம்"னு யாராவது சிரிச்சுட்டுச் சொல்லிட்டா முடிஞ்சுது. பிரேமா அம்மா கண்ணு முன்னாடி அந்த மனுசன் நின்ன எடத்துலயே ஒடஞ்சு போயிருவாரு. அதைச் செஞ்சது நானா இருப்பேன். என் வேலையும் போயிரும். வந்த விருந்தாளியை உருளச் சொல்ற மேனேஜரை எந்த முதலாளி வெச்சுக்குவாரு? பக்கத்து எஸ்டேட்ல மரம் அறுக்கற மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துது.

கர்னல் ரவி என்னையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்த மாதிரி இருந்துது. அப்புறம் வாட்சைக் கழட்டுனாரு. ஓரமா உக்காந்திருந்த அவரு சம்சாரத்துக்கிட்டத் தூக்கிப் போட்டாரு. குனிஞ்சு, தலையைச் சிமெண்டுல வெச்சு, பிளேசரோட ஒரு கரணம் போட்டாரு. நேராப் போகலை. கோணலாப் போய்க் காப்பிப் பழத்துல விழுந்தாரு.

"சோம்பேறி தனபால்," குல்தீப் சார் முனகிக்கிட்டே எறங்குனாரு. அவரு எறங்குனதும் எல்லாருமே எறங்கிட்டாங்க. தொப்பை, மூட்டு வலி, சுகர், பைபாஸ், எல்லாம் உருளுது. அறுவை சிகிச்சை பண்ணுனவங்க மட்டும் உக்காந்தாப் போதும்னு நான் கத்தறது யாரு காதுலயும் விழலை. ஒருத்தரு உருண்டுக்கிட்டே, "டேய் தனபால், உன்னாலதான்டா அன்னிக்கும் எனக்கு முட்டி பேந்துது"ன்னாரு. இன்னொருத்தரு, "கஸ்டர்டு மட்டும் சிந்தாது இவனுக்கு"ன்னாரு. ஸ்டெல்லா கேமராவைப் புடிச்சுக்கிட்டு, "ஏனுங்க, முதலாளி காப்பிங்க, பாத்துங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

தனபால் சார் உருளலை. முட்டி போட்டு உக்காந்துட்டாரு. மூஞ்சியை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டாரு. கர்னல் எந்திரிச்சு வந்து, அவரு பிளேசர்ல ஒட்டியிருந்த தூசியைத் தட்டி விட்டாரு. இத்தனைக்கும் கர்னல் பிளேசர்தான் அழுக்கு.

"எங்க நிக்கறேடா?"

"எங்கயாவது நிக்கறேன் சார்."

"சாரா? நான் உனக்கு எப்படா சார் ஆனேன்?"

பழைய வரிசையிலயே நின்னாங்க. அந்த ரெண்டு எடமும் காலியாவே இருந்துது, அதை யாரும் தொடலை. கர்னல் ஓரத்துல இருந்த தன் எடத்தை விட்டு ஒரு அடி நகந்தாரு. அந்த ஒரு அடியில தனபால் சார் நின்னாரு. ஸ்டெல்லா எடுத்த போட்டோவுல ஆளுங்களை விடக் காப்பிக் களம்தான் ஜாஸ்தித் தெரியுது. ரெண்டு பேருக்கு நெத்திக்கு மேல இல்ல.

அகாடமிக்கு ஏன் இத்தனை பேரு ஆசைப்படறாங்க, போனவங்க ஏன் மறக்க மாட்டேங்கறாங்கன்னு கேக்கறீங்களே, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். வெளிய வந்துட்டா அவங்கவங்க தப்புக்கு அவங்கவங்கதான் உருளோணும். நம்ம தப்புக்கும் சேத்து உருளறதுக்கு நாலு பேரு இருந்தாங்கங்கற நெனப்பு இருக்குதே, அது நட்சத்திரத்தை விடப் பெருசுங்க. நட்சத்திரம் வேணும்னாலும் போங்க, தப்பில்ல. பாத்துப் படிக்கட்டு எறங்குங்க.

ரெண்டாம் நாள் எல்லாரும் கெளம்புனாங்க. தனபால் சார் டிக்கியில பெட்டியை வெச்சுக்கிட்டிருந்தாரு. பிரேமா அம்மா மட்டும் என்கிட்ட வந்தாங்க. நன்றி சொல்லப் போறாங்கன்னு நெனச்சு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா, என் கடமை"ன்னு ஒரு பதிலைக் கூட உள்ளுக்குள்ள தயார் பண்ணி வெச்சுட்டேன்.

"அண்ணா, களத்துலயே எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சுங்க. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இத்தன வருஷமாப் பொங்கலுக்குப் பொங்கல் இவருதான் உங்களுக்குப் போன் பண்ணுவாரு. நீங்களாப் பண்ணுனது இதுதான் மொத தடவ. அதுவும் தப்பாப் பண்ணுனது."